ஏரிப் படத்தின் இடது ஓரம்

கலைமணி கெட்டவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவன் கதையைக் கேட்கிற யாருக்கும் அவன்மேல் கோபம் வரும். எனக்கும் வந்தது, இன்னும் முழுதாகப் போகவில்லை.

நான் அரியலூரில் தாலுகா ஆபீஸுக்கு எதிரே மனு எழுதுகிறவன். முன்பு டைப்ரைட்டர், இப்போது கம்ப்யூட்டர். ஊரில் எல்லோருக்கும் நான் ரைட்டர்தான், அப்பன் வைத்த பெயர் என் வீட்டாருக்கே மறந்திருக்கும். எனக்கு அடுத்த கதவு கலைமணியின் ஸ்டூடியோ. பதினாறு வருஷமாக ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிழைக்கிறோம். மனு எழுத வருகிறவனைப் போட்டோவுக்கு அவனிடம் அனுப்புவேன். போட்டோவுக்கு வருகிறவனை, "அப்படியே ஒரு மனு குடுத்து வச்சிருங்க" என்று அவன் என்னிடம் தள்ளிவிடுவான்.

வயிற்றுக்கு அவன் கல்யாணமும் காதுகுத்தும் எடுத்தான். உயிர் வேறு இடத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் பைக்கைக் கிளப்பினானென்றால் ஏரி, பனை, முந்திரிக்காடு, கொள்ளிடத்து மணல் என்று சுற்றிவிட்டு வெயில் ஏறித்தான் வருவான். "மனுஷன் மூஞ்சியை எடுத்துச் சோறு தின்னுட்டு, மனுஷனே இல்லாத இடமாத் தேடிப் போறியேடா" என்று கிண்டல் செய்வேன். சிரிப்பான். நல்ல சிரிப்பு அவனுக்கு.

அவன் சொந்த ஊர் புங்கனேரி. அரியலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஊருக்கு முன்னாலேயே பெரிய ஏரி. அதன் மேற்குக் கரையில் ஒன்பது கூரை வீடுகள். நாலு தலைமுறையாகப் பிறத்தியார் வயலில் கூலிக்குப் போனவர்கள், ஊருக்குள் அடிமனை கிடைக்காமல் கரையில் ஒண்டியவர்கள். ஊர்க்காரர்கள் அதைத் தெரு என்றுகூடச் சொல்வதில்லை. மூன்றாவது வீட்டில்தான் கலைமணி பிறந்தான். அப்பா அமாவாசையும் அம்மா இருசம்மாளும் போனபின் அந்த வீட்டில் அவன் தங்கை வெற்றிச்செல்வி, அவள் புருஷன் தர்மன், இரண்டு பெண் பிள்ளைகள். கலைமணி கல்யாணமாகி டவுனில் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டான்.

ஏரியின் தெற்குக் கரையில் நின்றால் தண்ணீருக்கு நடுவே ஒரு திட்டும், அதில் ஒற்றைப் பனையும் தெரியும். அந்தப் பனைமேல் இவனுக்கு ஒரு பைத்தியம். நூறு முறை எடுத்திருப்பான். எடுத்ததையெல்லாம் என்னிடம் காட்டுவான், நானும் "ம்" என்பேன். வேறென்ன சொல்ல? படத்தில் எல்லாம் இருந்தது, ஒன்றும் நிற்கவில்லை.

2011-ல் என்று நினைக்கிறேன். போட்டிக்கு அனுப்புவதற்காகத் திருச்சி லேபில் ஒரு பிரிண்ட் போடக் கொடுத்திருந்தான். எட்டுக்குப் பன்னிரண்டு கேட்டதற்கு அந்த மகராசன் எட்டுக்குப் பத்துத் தாளில் போட்டு அனுப்பிவிட்டான். இடது பக்கம் இரண்டு அங்குலத்தைக் காணோம். கலைமணி போனில் கத்திய கத்து என் சுவரைத் தாண்டி வந்தது. சாயங்காலம் அதே பிரிண்ட்டை எடுத்துக்கொண்டு வந்து என் மேஜைமேல் வைத்தான்.

"அண்ணே, இதைப் பாருங்க."

"நல்லாருக்கேடா."

"போன வாரம் இதே படத்தைக் காட்டினப்ப 'ம்'னீங்க. அதே படந்தாண்ணே. லேப்காரன் ஓரத்தை வெட்டிப்புட்டான், அவ்வளவுதான். இப்ப கண்ணு வேற எங்கயும் போவலை பாருங்க. நேரா பனைக்குப் போவுது."

உண்மைதான். முந்தின படத்தில் கண் முதலில் இடது ஓரத்துக் கொடியில் காயும் சிவப்புப் புடவைக்குப் போகும். அங்கிருந்து நீல டிரம், வெள்ளாடு, சாய்ந்து கிடக்கும் சைக்கிள் என்று ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டுப் பனைக்கு வரும்போது களைத்துப் போயிருக்கும். இப்போது பனையும் அதன் நிழலும் தண்ணீரும் மட்டும். பார்த்தால் மனம் அடங்கியது.

"அப்ப அந்த ரெண்டு இஞ்சுல இருந்தது உங்க வூடாடா?"

"ஆமாண்ணே. வூடு எங்க போவப்போவுது? அங்கதான் இருக்கு."

அன்றிலிருந்து வெட்டத் தொடங்கினான், அதற்கு முன் எடுத்து வைத்திருந்த படங்களையும் விடவில்லை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு பெரிய சதுரத்தின் இரண்டு மூலைகளைப் போல இரண்டு துண்டு நறுக்கி வைத்துக்கொண்டான். பிரிண்ட்டின்மேல் இரண்டையும் எதிரெதிரே வைத்து நகர்த்துவான். மேலே கொஞ்சம் மறைப்பான், பக்கத்தில் கொஞ்சம் திறப்பான், மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பான். "படத்துல ஒருத்தருதாண்ணே பேசணும். மத்தவங்க பேசினா சந்தை" என்பான். வானத்தில் ஒன்றும் இல்லையென்றால் வானத்தை வெட்டு. முன்னால் கிடக்கும் வரப்பு பனைக்கு வழி காட்டினால் விடு, குறுக்கே விழுந்தால் வெட்டு. அடிவானம் படத்தை நட்டநடுவில் இரண்டாக அறுத்தால் எந்தப் பக்கம் சொல்ல விஷயம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தை அதிகம் வை. சும்மா சொல்லக்கூடாது, எனக்கே அதில் புத்தி வந்தது. 'பணிவுடன் சமூகத்துக்குச் சமர்ப்பித்துக்கொள்வது யாதெனில்' என்பதை என் மனுக்களிலிருந்து தூக்கினேன், ஆபீஸில் படிக்க ஆரம்பித்தார்கள்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒரு படம் எடுத்தான். கோயில், புல்வெளி, வேன், குழந்தைக்குச் சோறு ஊட்டும் குடும்பம், குப்பைத் தொட்டி, கரண்ட் கம்பி எல்லாம் சேர்ந்த சராசரிப் படம். உட்கார்ந்து ஒரு மணி நேரம் நறுக்கினான். கடைசியில் விமானத்தின் தோள்பட்டையும் அதில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிளியும்தான் மிஞ்சின. திருச்சிக் கண்காட்சியில் அதற்கு முதல் பரிசு. பேப்பரில் பெயர் வந்தது. பெரம்பலூரில் ஒரு ஓட்டலுக்கும் ஒரு ஆஸ்பத்திரிக்கும் சுவரில் மாட்டப் படம் கேட்டு வாங்கிப் போனார்கள்.

இதில் அவன் ஒரு வழக்கம் வைத்திருந்தான், அங்கேதான் சனியன் உட்கார்ந்திருந்தது. கல்யாணப் படங்களை எடுத்தபடியே பத்திரமாக வைப்பான், எந்த மாமன் எப்போது வந்து "என் மூஞ்சி எங்கே" என்று கேட்பான் என்று தெரியாது. சொந்தப் படங்களை மட்டும் வெட்டியதும் அதே பெயரில், அதே இடத்தில் பதிந்துவிடுவான். வெட்டாதது அத்தோடு அழிந்துபோகும். டிஸ்க்கில் இடம் இல்லாததும் ஒரு காரணம். ஆனால் அவன் சொன்னது வேறு. "ரெண்டையும் வச்சிருந்தா ஒரு நா பழசைத் திறந்து பார்ப்பேண்ணே. பாவம் பார்த்து ஆட்டை உள்ள விடுவேன், அப்புறம் டிரம்மை விடுவேன். அழிச்சாத்தான் மனசு நிக்கும்."

2014-க்கு ஜெயங்கொண்டத்து நகைக்கடை ஒன்று அவனுடைய ஏரிப் படத்தைக் காலண்டரில் போட்டது. விடிகாலை, பனி, பனை, அசையாத தண்ணீர். கீழே 'புங்கனேரி ஏரி. படம்: கலைமணி' என்று அச்சு. ஒன்பது வீட்டுக்கும் ஆளுக்கொன்று கொண்டுபோய்க் கொடுத்தான். ஒன்பது வீட்டிலும் மாட்டினார்கள். தங்கள் வீடு இல்லாத தங்கள் ஏரியைப் பார்த்துக்கொண்டு ஒரு வருஷம் தேதி கிழித்தார்கள்.

அழகுக்காக மட்டும்தான் வெட்டினானா? எனக்கு அந்தச் சந்தேகம் அப்போதே உண்டு. ஸ்டூடியோவில் யாராவது "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்டால் "ஏரிப் பக்கங்க" என்று சொல்லிவிட்டு லென்ஸைத் துடைக்க ஆரம்பிப்பான். கரையோரத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட போட்டோ எடுக்கப் போனாலும் கையோடு நீலத்துணி கொண்டுபோவான், பின்னால் கீற்று தெரியக்கூடாது. அவனை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். தெருவைச் சொன்னால் முகம் மாறுகிற ஊரில் கடை வைத்திருப்பவன் என்ன செய்வான்?

மூன்று வருஷத்துக்கு முன்பு சுண்ணாம்புக்கல் சுரங்கம் விரிந்து விரிந்து ஏரியின் மேற்கே வந்து நின்றது. கரையைக் காலி செய்ய வேண்டும் என்றார்கள். 2015-க்கு முன்பிருந்தே குடியிருப்பவர்களுக்கு மாற்று மனையும் வீடும் உண்டு, அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு ஒன்றும் கிடையாது. சர்வே எடுத்தவர்கள், கரையிலிருக்கிற ஒன்பது வீடும் மனை கிடைக்கும் என்று தெரிந்து அண்மையில் போட்ட குடிசைகள் என்று எழுதிவிட்டார்கள்.

வெற்றிச்செல்வி நாற்று நட்ட சேற்றுக்காலோடு என் கடைக்கு வந்தாள். கூட இன்னும் நாலு பேர். ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்தேன். கரைக்குப் பெயர் இல்லாததால் எழுதியவர்கள் 'கீழத்தெரு, புங்கனேரி' என்று போட்டிருந்தார்கள். ஊருக்குள்ளேயே ஒரு கீழத்தெரு இருக்கிறது, நீங்கள் அங்கிருந்து வந்தவர்கள் என்பது ஆபீஸ் வாதம். ஏரிப் புறம்போக்கு என்பதால் வீட்டுவரி போட்டதில்லை, கரண்ட் கொடுத்ததில்லை. ரசீது என்று சொல்ல ஒரு துண்டுச் சீட்டு இல்லை. பிரௌசிங் சென்டரில் வானத்திலிருந்து எடுத்த பழைய படத்தை எடுத்துப் பார்த்தோம். புளியமரத் தழைக்கு அடியில் எது கூரை எது வைக்கோல் போர் என்று யாருக்குத் தெரியும்?

அப்போதுதான் என் மண்டையில் அந்த வெளிச்சம் அடித்தது. "ஏம்மா, உங்கண்ணன் அந்த ஏரியைப் பத்து வருஷத்துக்கு மேலா போட்டோ எடுத்துக்கிட்டுக் கெடக்கான். இதைவிட என்ன ஆதாரம் வேணும்?" என்றேன். அவள் முகம் மலர்ந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. உட்கார்ந்த சூட்டில் மனுவை அடித்தேன். 'புங்கனேரி ஏரியைப் பல்லாண்டுகளாகப் படமெடுத்துவரும் புகைப்படக் கலைஞர் கலைமணியின் படங்களே எங்கள் குடியிருப்புக்குச் சாட்சி' என்று ஒரு வரி, அடிக்கோடு வேறு. கொடுத்து முத்திரையும் வாங்கிவிட்டு அதன்பிறகுதான் பக்கத்துக் கதவைத் தட்டினோம். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது அன்று என் கையால் நடந்தது.

கலைமணி விஷயத்தைக் கேட்டதும் கம்ப்யூட்டரைத் திறந்தான். 2010, 2011, 2012 என்று வரிசையாகத் தேதியோடு படங்கள். பனை. பனையும் கொக்கும். பனையும் மழையும். வெற்றிச்செல்வி அவன் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முதலில் ஆவலாக, பிறகு குழப்பமாக. நானூறு படத்துக்குமேல் இருக்கும். எதிலும் ஒரு கூரைநுனி இல்லை. அவன் கை மட்டும் நிற்காமல் மவுஸை அமுக்கிக்கொண்டே இருந்தது.

"நம்ம வூடு எங்கண்ணே?"

"வெட்டிட்டேன்."

"எல்லாத்துலயுமா?"

அவன் திரும்பவில்லை.

"நாங்க இருந்தா படம் கெட்டுப் போவுதாண்ணே?"

கோபமாகக் கேட்டிருந்தால் அவனுக்குத் தேவலை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

விசாரணை கோட்ட ஆபீஸில் நடந்தது. அதிகாரி ஒரு அம்மா, பொறுமையானவர், யாரையும் எடுத்தெறிந்து பேசாதவர். சுரங்கத்தின் தரப்பில் ஜெயப்பிரகாஷ் என்று நிலம் பார்க்கும் ஆள் வந்திருந்தார். எங்கள் மனு நகல் அவர் கையில் இருந்தது, நான் போட்ட அடிக்கோடும் அதில் இருந்தது. பையிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்து மேஜைமேல் விரித்தார்.

"மேடம், மனுதாரங்களே சாட்சின்னு சொல்ற போட்டோகிராபர் எடுத்த படங்க இது. பேரு போட்டிருக்கு. 2014. ஏரி இருக்கு, பனை இருக்கு. கரையில ஒரு குடிசை இல்லைங்க."

அவர் பொய் சொல்லவில்லை. படத்தில் இருந்ததைத்தான் சொன்னார். கலைமணி எழுந்தான்.

"மேடம், அது முழுப் படம் இல்லைங்க. ஓரத்தை நான் வெட்டிட்டேங்க."

"எதை வெட்டினீங்க?"

"எங்க வூட்டைங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. ஏன் என்று கேட்டார்.

"படம் நல்லா வரணும்னுங்க."

"வெட்டாத படம் இருக்கா?"

"இல்லைங்க."

"அப்ப வெட்டினீங்கன்னு நான் எதை வச்சு நம்பறது?"

ஒன்பது வீட்டாரும் கதவருகே நின்றிருந்தார்கள். ஆண்டாயி என்கிற கிழவி, "நாங்கதான் உசுரோட நிக்கிறமே, அது பத்தாதா?" என்று கேட்டது. அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அழிந்த படங்களை டிஸ்க்கிலிருந்து மீட்கிற ஆட்கள் இருக்கிறார்களாமே, பதினைந்து நாள் தருகிறேன், பாருங்கள் என்றார். அதற்குமேல் யார் செய்வார்கள்?

நானும் அவனும் பழைய டிஸ்க்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு திருச்சிக்குப் போனோம். நாலு நாள் கழித்துக் கடைக்காரர் கூப்பிட்டார். ஆறு படம் கிடைத்திருக்கிறது, ஆனால் மேல்பாதிதான். படம் மேலிருந்து கீழாகத்தான் பதியுமாம், கீழே இருந்ததன்மேல் வேறு கல்யாணங்கள் ஏறிவிட்டன. திரையில் பார்த்தோம். ஆறிலும் மேலே வானம், கீழே சாம்பல் நிறப் பட்டை. இத்தனை வருஷமாக வெட்டித் தள்ளியதில் வானம்தான் திரும்பி வந்தது. ஆனால் ஒரு படத்தில், இடது பக்கம், மெலிசாக ஒரு புகை மேலேறிக்கொண்டிருந்தது. கலைமணி திரையில் விரலை வைத்தான். "அண்ணே, எங்கம்மா அடுப்பு" என்றான். 2010, பிப்ரவரி, காலை ஆறு பத்து. இருசம்மாள் அப்போது உயிரோடு இருந்தாள்.

அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துப்போனான். வெட்டத் தொடங்கியபின் அன்றுதான் முதல்முறையாகச் சொந்தப் படம் ஒன்றை அவன் வெட்டாமல் போட்டான். அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"புகைதாங்க. நான் இல்லைன்னு சொல்லலை. இதை வச்சு நான் எப்படிங்க ஆர்டர் போடறது?"

ஒன்பது வீட்டுக்கும் போட்ட மனு தள்ளுபடி ஆனது. மேல்மனு எழுதினேன், அதுவும் போனது. இருபத்தெட்டு வருஷம் மனு எழுதியிருக்கிறேன், இப்படி ஒரு தோல்வியை நான் வாங்கியதில்லை. ஸ்டூடியோ பக்கம் போகவே எனக்குப் பிடிக்கவில்லை. அவன் மதியம் மூன்று மணிக்கே ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பான். சுவரில் இருந்த படங்களைக் கழற்றிவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் பைக் நின்ற இடத்திலேயே நின்றது.

சித்திரை பிறந்து பத்தாம் நாள் ஜேசிபி வந்தது. நானும் கலைமணியும் போய்ச் சேர்வதற்குள் நாலு வீடு மண்ணாகியிருந்தது. வெற்றிச்செல்வி வீட்டில் சாமான்களை அவளும் பிள்ளைகளும் குட்டியானையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கட்டில், அண்டா, புத்தகப் பை, கட்டிப்போட்ட இரண்டு கோழி. தர்மனுக்குத் திருப்பூரில் ஒரு மில்லில் வாட்ச்மேன் வேலை கிடைத்திருந்தது, முன்னாலேயே போய்விட்டான். கலைமணி அண்டாவை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தான். பிறகு சொன்னான்.

"திருப்பூரு வேணாம் புள்ள. என் வூட்டுக்கு வந்துரு. மாடியில ஒரு ரூம் சும்மாத்தான் கெடக்கு. பெரியவளுக்குப் பத்தாவது, படிப்பு கெட்டுடும்."

அவள் கோழியின் கால்கட்டைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்.

"மாடியில இருக்கறது யாருன்னு அங்க யாராச்சும் கேட்டா என்னண்ணே சொல்லுவ?"

அவன் வாயைத் திறந்தான். என்ன கேள்வி இது, பட்டென்று சொல்ல வேண்டிய பதில். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் அலைந்தது, உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் இரண்டு மூச்சு நேரம் காத்திருந்தாள். பிறகு, "வரேண்ணே. அண்ணியைக் கேட்டேன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுச் சின்னவளைத் தூக்கி முன்சீட்டில் வைத்து ஏறிக்கொண்டாள். பெரியவள் பின்னால் அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி கரையிறங்கி ரோட்டுக்குப் போய், பஸ் ஸ்டாப்பைத் தாண்டித் திரும்பியது.

"என் தங்கச்சின்னு சொல்லுவேண்ணே" என்றான் கலைமணி.

கேட்பதற்கு அங்கே நான் மட்டும்தான் இருந்தேன்.